இடி கேட்டால் பிடுங்கு

ரியுதோர்த் பள்ளத்தாக்கில் யார் வீட்டிலாவது இணையம் நின்றுபோனால் முதலில் திட்டு வாங்குபவள் ரெமெய். மழையில் நின்றாலும் அவள்தான், பனிமூட்டத்தில் நின்றாலும் அவள்தான், எலி வயரைக் கடித்தாலும் அவள்தான். வலை ஓடும்போது அது ஊருக்கே சொந்தம். நின்றுவிட்டால் அது ரெமெய்க்கு மட்டும் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, அவள் கையிலிருக்கும் ரொட்டியைக்கூடப் பார்க்காமல், "நேத்து பந்தாட்டம் பாதில நின்னு போச்சு, என்னன்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் போகிற ஊர் இது.

அவள் படித்த பொறியாளர் அல்ல. பள்ளி வேன் ஓட்டியவள். காலையில் பள்ளத்தாக்கின் பண்ணை வீடுகளிலிருந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு கீழே வருவாள், மாலையில் கொண்டுபோய் உதிர்த்துவிட்டு வருவாள். கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. பிள்ளை குட்டி இல்லை. தொலைபேசிக் கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் வந்து, மேலே இருக்கும் நாலே நாலு வீட்டுக்காகக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று கையை விரித்துவிட்டார்கள். அன்று ரெமெய்க்கு வந்த கோபம் இன்றுவரை இறங்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பக்கத்து வட்டாரத்தில் பண்ணைக்காரர்கள் தாங்களே கூரைக்குக் கூரை ஆன்டெனா வைத்து ஒரு வலை கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேனை எடுத்துக்கொண்டு போய் நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த வாரமே பாதிரியாரைப் பிடித்தாள். மாதா கோயில் மணிக்கோபுரத்தில், வெளியிலிருந்து வரும் இணையத்தைப் பிடிக்க, ஒரு ஆன்டெனாத் தட்டு வைக்க இடம் வேண்டும் என்றாள். அவர் தயங்கினார். பாதிரியார் வீட்டுக்கும் ஒரு இணைப்பு உண்டு என்றதும் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கோபுரத்துக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே ஒரு குன்று குறுக்கே நிற்கிறது. அதனால் கோபுரம் நேராகப் பார்ப்பது ஊர்க் கடைசியில் இருக்கும் ரெமெயின் கூரையை. ரெமெயின் கூரை கன் ரௌரா என்ற பண்ணை வீட்டைப் பார்க்கும். அங்கே பன்றிப் பண்ணை வைத்திருக்கும் இக்னாஸியா இருக்கிறாள். அந்தக் கூரை எலோயின் ஆட்டுப் பட்டியைப் பார்க்கும். எலோய் பார்சிலோனாவிலிருந்து பாலாடைக்கட்டி செய்து பிழைக்க வந்தவன். அவன் கூரை ஆற்றங்கரையில் இருக்கும் கிர்ஸாவின் வீட்டைப் பார்க்கும். கிர்ஸாவின் கூரை ஆற்றுக்கு அந்தப் பக்கம், மலையின் நிழல் விழும் சரிவில், லா பாகா என்ற தனி வீட்டைப் பார்க்கும். அங்கே ரெமெயின் அண்ணன் ஃபெர்மி. ஒரு கூரை அடுத்த கூரைக்குக் கை கொடுக்கும். நடுவில் ஒருவர் கையை எடுத்துவிட்டால் அவருக்கு மேலே இருப்பவர்கள் எல்லோருக்கும் இருட்டு. ஊருக்கு வெளியே கல்லறைச் சுவரைத் தாண்டி மேலே போனால் கைபேசியில் ஒரு கோடுகூட நிற்காது. கூரை ஆன்டெனாவை ஓட்டும் மின்சாரப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வீடு உண்டு, வீட்டுத் தொலைபேசியும் அந்தப் பெட்டி வழியாகத்தான் பேசும்.

ரெமெயின் சமையலறையில் பழைய கணினி ஒன்றில் இந்த வீடுகள் எல்லாம் புள்ளிகளாகத் தெரியும். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் விழுந்தது அதுதான். அதற்கு அப்பால் இருப்பது சாம்பல் நிறமாகிவிடும். இருக்கிறதா செத்ததா தெரியாது என்று அர்த்தம். ஃபெர்மியும் இதே படத்தைத் தன் வீட்டில் எப்போதும் திறந்து வைத்திருப்பான். அவனுக்கு அது வேடிக்கை. "உன் ராஜ்யத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பான்.

இனி அந்த இடி விஷயம். வலை கட்டிய புதிதில் ஒரு கோடையில் மின்னல் இறங்கி, மேலிருந்து கீழ்வரை எல்லாப் பெட்டிகளையும் கருக்கிவிட்டது. கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு ஆள் கத்தினார்கள். கடைசியில் ரெமெய் எழுந்து, "ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. இடி கேட்டா பிடுங்கு. அவ்வளவுதான்" என்றாள். எலோயின் மனைவி அதையே ஒட்டிக்கொள்ளும் வில்லைகளில் அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தாள். எல்லார் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலும் அது ஒட்டிக்கொண்டது. பிறகு அது வில்லையிலிருந்து கைக்கு இறங்கிவிட்டது. மேகம் உறுமினால் இங்கே மூன்று வேலை நடக்கும்: துணியை எடுப்பது, சன்னலைச் சாத்துவது, பிளக்கைப் பிடுங்குவது. சிலுவை போட்டுக்கொள்வதுபோல யோசிக்காமல் செய்வார்கள்.

போன குளிர்காலத்தில் ஃபெர்மியின் இதயம் ஒரு முறை தடுமாறியது. மருத்துவமனையில் கிடந்துவிட்டு வந்தான். ரெமெய் அவனைக் கீழே வந்துவிடச் சொன்னாள்.

"வந்து? உன் அடுப்பங்கரைல உக்காந்து பீன்ஸ் உரிக்கணுமா?"

"உரிச்சா என்ன, கை தேஞ்சா போயிடும்?"

"பொண்ணே, என்னை விடு. ஃபோன் இருக்குல்ல. ஏதாவதுன்னா அமுக்கறேன், நீ அந்தப் பக்கம் எடுத்துத் திட்டப்போற. வேறென்ன வேணும் எனக்கு?"

அன்றைக்கு ரெமெய் அவனுக்கு வாக்குக் கொடுத்தாள், இந்தப் பாதை ஒருபோதும் அறுந்துபோகாது என்று. வசந்தம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கூரை கூரையாக ஏறி மின்னல் காப்புக் கருவிகளைப் பொருத்தினாள். தொண்டர் என்று ஒரு காலத்தில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். இப்போது அவளும் ஏணியும்தான். ஊர் கூடித்தான் தேர் இழுத்தார்கள், ஆனால் தேரைத் துடைத்து வைக்க யாரும் வருவதில்லை. வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போய் அந்த வில்லைகளைத் தன் கையாலேயே பிய்த்து எடுத்தாள். "இனிமே இடி விழுந்தாலும் பிடுங்காதீங்க. காப்பு போட்டாச்சு. மேல எங்கண்ணன் தனியா இருக்கான்." எல்லோரும் தலையாட்டினார்கள். "நான் செய்வேனா?" என்று இக்னாஸியா கோபித்துக்கொண்டாள்.

ஆகஸ்டு கடைசியில் அது நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து ரெமெய் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஃபெர்மி கூப்பிட்டான். மேலே வானம் கறுத்துவிட்டது என்றான். பேச்சோடு பேச்சாக, இடது கை கனமாக இருக்கிறது என்றும் சொன்னான்.

"கனம்னா?"

"ராத்திரி அது மேலயே படுத்துட்டேன் போல."

"நெஞ்சு?"

"நெஞ்சு அதோட இடத்துலதான் இருக்கு. நீ பாத்திரத்தைக் கழுவு."

அவள் கைபேசியில் அவசர உதவியைக் கூப்பிட்டுச் சொல்லி வைத்தாள். பேசிய பெண் அன்பாகத்தான் பேசினாள். அவரையே கூப்பிடச் சொல்லுங்கள், எப்படி வலிக்கிறது என்று கேட்க வேண்டும் என்றாள். ரெமெய் அண்ணனை மறுபடி அழைக்கத் தொலைபேசியை எடுத்தாள். அப்போது மலையுச்சியில் முதல் இடி உருண்டது. கணினியில் கிர்ஸாவின் புள்ளி சிவந்தது. ஃபெர்மி சாம்பலானான்.

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. மின்னல் அடித்துவிட்டதோ என்றுதான் பயந்தாள். இடி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. எலோயின் புள்ளி சிவந்தது. பிறகு இக்னாஸியா. மேகம் நடந்து வரும் வரிசையிலேயே ஒவ்வொன்றாக அணைந்தன. மின்னல் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் வராது. வருவது கைகள். அவளே சொல்லிச் சொல்லிப் பழக்கிய கைகள். கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால், பிளக்கைப் பிடுங்கியவன் வீட்டில் எந்தத் தொலைபேசி மணி அடிக்கும்?

இடி அவள் கூரைக்கு மேலேயே வந்துவிட்டது. சன்னல்கள் படபடத்தன. கொடியில் கிடந்த துணியை வாரி நாற்காலியில் போட்டாள், சன்னல்களைச் சாத்தினாள், மழைக்கு முன்னால் கை என்னென்ன செய்யுமோ அதெல்லாம் செய்தது, மனம் முழுக்க லா பாகாவில் இருந்தது. வேன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கன் ரௌராவில் இக்னாஸியா சமையலறையில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். பெட்டியின் வயர் அழகாகச் சுருட்டி, துடைக்கும் துண்டில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

"அக்கா, பிடுங்காதீங்கன்னு சொன்னேனே."

"ஏண்டி இப்படி நனைஞ்சு வர்ற? இடி எப்படி விழுது பாத்தியா? புதுப் பொட்டி. கருகிப் போச்சுன்னா மறுபடி நீதானே ஏணி ஏறணும்? உனக்காகத்தான் பிடுங்கினேன்."

"எனக்காகவா? மேல ஃபெர்மிக்கு நெஞ்சு வலிக்குதோ என்னமோ தெரியல. உங்க பொட்டிய நம்பித்தான் அவன் உசுரு இருக்கு."

இக்னாஸியா மெழுகுவர்த்தியைக் கீழே வைத்தாள். துண்டைப் பிரித்தாள். சுருட்டிய வயரை ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். ரெமெய் அதை அவள் கையிலிருந்து பறித்துச் சொருகிவிட்டு ஓடினாள். பின்னால் இக்னாஸியா ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னது மழையில் காதில் விழவில்லை.

எலோய் ஆட்டுப் பட்டியில் இருந்தான். இடிக்கு மிரண்ட ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

"எலோய், பொட்டி!"

"நான் இப்ப ஒண்ணும் பாக்கலையே ரெமெய். எனக்கு வேணாம். மழை விட்டப்புறம் போட்டுக்கறேன்."

இவன் வந்து இத்தனை காலம் ஆகியும் இதுதான் அவன் புத்தியில் ஏறவில்லை. நகரத்தில் பெட்டி என்றால் அவரவர் வீட்டுக்கு. வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். இங்கே அது பக்கத்து வீட்டுக்காரன் நடந்துபோகும் பாதை. தனக்கு வேலை இல்லை என்று பாலத்தை மடக்கி வைப்பவன் உண்டா? இதையெல்லாம் விளக்க ரெமெய்க்கு நேரமில்லை. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னாள். அவளிடமிருந்து எலோய் அப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை. ஆட்டை விட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

கிர்ஸாவின் வீட்டுக்கு வந்தபோது ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி, மரத்துண்டுகளைப் புரட்டிக்கொண்டு போனது. கடக்கும் இடமே தெரியவில்லை. அந்தப் பக்கம், மழைக்குள், லா பாகாவின் வெள்ளைச் சுவர் மங்கலாகத் தெரிந்தது. கிர்ஸா அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவளைப் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஐயோ. பிடுங்கிட்டேன் ரெமெய். எனக்கே தெரியல. இடி விழுந்துச்சு, கை தானா போயிடுச்சு."

அவன் ஓடிப்போய்ச் சொருகினான். இருவரும் நின்று விளக்குகளையே பார்த்தார்கள். அந்தப் பெட்டி எழுந்து முகம் கழுவி வருவதற்குள் ஒரு ஆயுள் போய்விடும். கடைசியில் லா பாகாவுக்கான விளக்கு பச்சையானது. அப்படியென்றால் ஃபெர்மி பிடுங்கவில்லை. பள்ளத்தாக்கிலேயே சொன்ன சொல்லைக் காப்பாற்றியவன் அவன் ஒருவன்.

ரெமெய் அங்கிருந்தே அழைத்தாள். ஃபெர்மி முதல் மணியிலேயே எடுத்தான்.

"எங்கடி போனே? இடி ஆரம்பிச்சதுலேர்ந்து அமுக்கிக்கிட்டே இருக்கேன்." குரலில் பாதிதான் இருந்தது. மீதி மூச்சு.

"நெஞ்சா?"

"யாரோ உக்காந்திருக்காங்க நெஞ்சு மேல."

கிர்ஸா அவசர எண்ணை இன்னொரு தொலைபேசியில் அழுத்தினான். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினான். "வெளிய போகல ரெமெய். உள்ளுக்குள்ளதான் பேசுது."

பள்ளத்தாக்கு தனித் தீவாகிவிட்டது. வீட்டுக்கு வீடு பேசலாம், உலகத்தோடு பேச முடியாது. கோபுரத்தில் மின்னல் விழுந்திருக்கும் என்று ரெமெய் நினைத்தாள். வேறு எதையும் நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"ஃபெர்மி, கேளு. கோபுரம் விழுந்திருச்சு. நான் கீழ போய்ச் சரிபண்றேன். ஆம்புலன்சுக்கும் சொல்றேன். கிர்ஸா லைன்லயே இருப்பான். நீ பேசிக்கிட்டே இரு."

"அவன்கிட்ட பேச என்ன இருக்கு? அவன் தோத்த சீட்டாட்டத்தை வேணா ஞாபகப்படுத்தறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அந்த வளைவுல மெதுவா போ."

அவள் மெதுவாகப் போகவில்லை. கல்லறைச் சுவர் வந்ததும் வேனை நடுரோட்டிலேயே நிறுத்தினாள். கைபேசியில் கோடு விழும் முதல் இடம் அது. பள்ளத்தாக்கில் இருக்கும் நாங்கள் எல்லோரும் நல்லது கெட்டது எல்லாவற்றையும் செத்தவர்களுக்குப் பக்கத்தில் நின்றுதான் ஊருக்குச் சொல்லியிருக்கிறோம். அவசர உதவியில் அதே பெண். மேகம் விலகாமல் ஹெலிகாப்டர் எழும்பாது, தீயணைப்பு வீரர்கள் கயிறோடு ஆற்றுக்கு வருகிறார்கள் என்றாள். பிறகு ஒரு மருத்துவர் அதே அழைப்பில் பேச வந்தார். நோயாளியோடு தானே நேரில் பேச வேண்டும், வீட்டில் என்ன மாத்திரை இருக்கிறது, எதைப் போட வேண்டும் என்று சொல்ல வேண்டும், எண் கொடுங்கள் என்றார்.

"எண் தர்றேன் டாக்டர். ஆனா இப்ப கிடைக்காது. நான் வழிய திறந்ததும் கிடைக்கும். விடாம கூப்பிட்டுக்கிட்டே இருங்க."

மணிக்கோபுரத்தின் படிகளில் அவள் கைகளையும் ஊன்றி ஏறினாள். ஈர உடை காலைச் சுற்றியது. கரிந்த வாசனை வருமோ என்று மூக்கைத் தீட்டிக்கொண்டே ஏறினாள். மேலே எந்த வாசனையும் இல்லை. புறா எச்சத்தின் வாசனை மட்டும்தான். தட்டு அதன் இடத்தில் இருந்தது. பெட்டியின் விளக்கு பச்சையாக, ஒரு குறையும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. கோபுரம் விழவில்லை.

மணிக்குப் பக்கத்தில் இருக்கும் திறப்பு வழியாக அவள் வெளியே பார்த்தாள். அந்தத் தட்டு எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதையே பார்த்தாள். மழைக்கு அப்பால் அவளுடைய சொந்தக் கூரை.

வீட்டுப் பெட்டியில் மின்னல் விழுந்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனாள். விழுந்திருந்தால் தேவலை என்று வேண்டினாள். கருகியிருக்கட்டும், கூரையே எரிந்திருக்கட்டும். கதவைத் திறந்து சமையலறைக்குள் போனாள். நாற்காலியில் துணிக் குவியல். சாத்திய சன்னல்கள். ரொட்டிப் பெட்டியின் மூடிமேல், எப்போதும் வைக்கிற இடத்தில், நன்றாகச் சுருட்டி வைத்த வயரும் அதன் நுனியில் பிளக்கும்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அதன் மீதியை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீடு வீடாகப் போய் அவள் திறந்துவிட்ட வழி முழுவதும் இந்த ஒரு பிளக்கில் வந்து முட்டிக்கொண்டு நின்றிருந்தது. சுவரில் தலையை முட்டிக்கொள்ளக்கூட நேரமில்லை. சொருகினாள். மண்டியிட்டுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, "எழுந்திரு, எழுந்திருடா, தெய்வமே எழுந்திரு" என்று அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைக் கெஞ்சினாள். முதல் விளக்கு வந்தது. இரண்டாவது மினுக்கிக்கொண்டே இருந்தது. அது நிலைத்து எரிந்த அந்தக் கணமே தொலைபேசி அலறியது.

கிர்ஸா.

"ரெமெய்." அவன் அழுதுகொண்டிருந்தான். "பேசமாட்டேங்கறான். கொஞ்ச நேரமா பேசல. மூச்சு கேட்டுச்சு. இப்ப அதுவும் கேக்கல."

மருத்துவர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். வழி திறந்துவிட்டது. கிர்ஸா தன் அழைப்பைத் துண்டித்துவிட்டிருந்தான். லா பாகாவில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி ஆற்றைக் கடந்தபோது மழை விட்டு வெயில்கூட அடித்தது. ஃபெர்மி கணினிக்கு முன்னால் நாற்காலியில் இருந்தான், தொலைபேசி மடியில் இருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் ரெமெயின் வீட்டுக்கு வந்தார்கள். இக்னாஸியா தொத்திறைச்சியும் ரொட்டியும் கொண்டுவந்து, அவளைச் சாப்பிடச் சொல்லித் தொல்லை செய்தாள். எலோய் ஒரு மூலையில், யாரையும் பார்க்காமல் நின்றான். கிர்ஸாவையும் சேர்த்து மூன்று பேரும் தங்களால்தான் அவன் செத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. ரெமெய் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கிர்ஸா தொண்டையைச் செருமினான்.

"ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நாம எல்லாரும் பிளக்கப் போட்டுட்டோம். அதுக்கப்புறமும் வெளிய போகலைன்னா அது கோபுரத்தால. மின்னல் கோபுரத்துல விழுந்திருக்கு. நான் சொல்லல, ஃபெர்மியே சொன்னான். படத்தைப் பாத்துக்கிட்டேதான் பேசினான். 'கோபுரம்தான்டா போயிருக்கு. ரெமெய்கிட்ட சொல்லிடு, கோபுரம்தான்னு.' அதையே ரெண்டு தடவ சொன்னான். மறக்காம சொல்லணும்னான்."

சொல்லிவிட்டுக் கிர்ஸா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரெமெயின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. மேலிருந்து பார்க்கிறவனுக்கு, அவள் வீடு விழுந்திருந்தால் கோபுரம் வெறும் சாம்பல். இருக்கிறதா செத்ததா தெரியாது. அவன் திரையில் அன்று சிவப்பாக எரிந்தது ஒரே ஒரு புள்ளிதான். அதன் பக்கத்தில் அவள் பெயர் எழுதியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் கோபுரம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்; இழுத்துப் பறித்த மூச்சில் அவன் செலவழித்த கடைசி வார்த்தைகள் அவை.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"ஆமா" என்றாள் ரெமெய். "கோபுரம்தான்."

பிறகு எழுந்து கிர்ஸாவுக்குக் காப்பி ஊற்றப் போனாள்.